எட்டு மணி நேரக் கூத்தும் ஒரு வரிக் கட்டளையும்

(நூலகர் நாளையொட்டி ஒரு பொது நூலகத்தின் வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூலகர் நாளன்று நூலை விட்டுவிட்டு வீடியோவைப் பற்றிப் பேச இடம் கொடுத்த வாசகர் வட்டத்துக்கு என் நன்றி. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் பிறந்த நாளான ஆகஸ்ட் 12ஐத்தான் நூலகர் நாளாகக் கொண்டாடுகிறோம். அவருக்கும் நான் பேச வந்த விஷயத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கொஞ்ச நேரத்தில் அங்கே வருகிறேன்.

நூலகரே இல்லாத நூலகம் ஒன்று இன்றைக்கு ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கிறது. கல்யாண விசிடி, காதுகுத்து டிவிடி, ஹேண்டிகேம் கேசட்டைக் கடையில் கொடுத்து மாற்றி வாங்கியது, பழைய செல்போனின் மெமரி கார்டு, வாட்ஸப்பில் வந்து குவிந்தது என்று எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன. திறந்து பார்த்தால் ‘நியூ ஃபோல்டர்’, அதற்குள் ‘நியூ ஃபோல்டர் 2’, பக்கத்தில் ‘பேக்கப்’, ‘பேக்கப் ஃபைனல்’, ‘பேக்கப் ஃபைனல் புதுசு’. சிரிக்கிறீர்கள், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று தெரிகிறது.

பெயர் வைத்தது நாம் இல்லை, கருவிகள். எந்த விசிடியைத் திறந்தாலும் உள்ளே இருக்கும் ஃபைலின் பெயர் ஏவிசெக்01. உங்கள் கல்யாணத்துக்கும் அதே பெயர், உங்கள் தம்பி கல்யாணத்துக்கும் அதே பெயர். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டால் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். டிவிடி என்றால் விடிஎஸ்_01_1, விடிஎஸ்_01_2 என்று ஒரு ஜிபிக்கு மிகாத துண்டுகள். ஹைடெஃபனிஷன் ஹேண்டிகேம் என்றால் 00000, 00001. கருவிக்கு எண் போதும். பத்து வருஷம் கழித்துத் தேடுகிற பேரனுக்குப் போதாது.

இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒரு தொகுப்பை வைத்துச் சொன்னால் விளங்கும். செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துத் தெருக்கூத்து வாத்தியார் ஒருவர், தம் குழு ஆடிய கூத்துகளின் வீடியோக்களை அடுக்கித் தரக் கேட்டார். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பலரும் பல காலத்தில் எடுத்தவை அவை. வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் எடுத்தது, கல்யாண வீடியோக்காரர் எடுத்தது, செல்போனை மூங்கிலில் கட்டிவைத்து எடுத்தது என்று எல்லாம் கலந்திருந்தன.

அந்தத் திருவிழா எப்படி நடக்கும் என்று இங்கே பலருக்குத் தெரியும். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசையாகப் போகும். கடைசி இரவின் விடியலில் படுகளம், அன்று மாலை தீமிதி. ஒரு கூத்து இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை ஓடும். இப்போது பாருங்கள்: கர்ண மோட்சம் ஊருக்கு ஊர் உண்டு, வருஷத்துக்கு வருஷம் உண்டு. ‘கர்ண மோட்சம்’ என்று மட்டும் பெயர் வைத்தால் எந்தக் கர்ண மோட்சம் என்று கேட்க வேண்டிவரும்.

ஃபோல்டர் போட்டுப் பிரித்தால் என்ன? பிரிக்கலாம். ஊர்வாரியாகப் பிரித்தால், எல்லா ஊர் கர்ண மோட்சத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வந்த ஆராய்ச்சி மாணவி ஒவ்வொரு ஊராக ஏறி இறங்க வேண்டும். கூத்துவாரியாகப் பிரித்தால், ‘எங்க ஊரு திருவிழாவக் குடுங்க’ என்று வருகிற ஊர்ப் பெரியவர் பத்து ஃபோல்டரைத் திறக்க வேண்டும். வருஷவாரியாகப் பிரித்தால் இருவருக்கும் அலைச்சல்தான். ஒரு ஃபைலை ஒரு ஃபோல்டரில்தான் வைக்க முடியும். ஆனால் அதைத் தேடி வருகிறவர்கள் பல வாசல் வழியாக வருகிறார்கள்.

இந்தச் சிக்கலை நூறு ஆண்டுக்கு முன்பே ஒருவர் எதிர்கொண்டார். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்று, பயிற்சிக்காக லண்டன் போனார். அன்றைக்கு உலகெங்கும் செல்வாக்குடன் இருந்தது 1876இல் வெளியான டூயி தசம வகைப்பாடு. அதில் உலகத்து விஷயங்களை எல்லாம் முன்கூட்டியே பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி ஒதுக்கியிருப்பார்கள். இரண்டு மூன்று விஷயம் கலந்த புத்தகம் வந்தால் எந்தப் பெட்டியில் போடுவது என்று நூலகர் திண்டாட வேண்டும். லண்டன் கடையொன்றில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது ரங்கநாதனுக்கு வழி தோன்றியது. ஒரே துண்டுகளை வேறு வேறு விதமாக மாட்டி வேறு வேறு பொம்மை செய்யலாம். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் வகைப்பாட்டின் அடிப்படை இதுதான். விஷயத்தைக் கூறுகளாகப் பிரி. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று பின்னாளில் அவர் வகுத்தது ஐந்து கூறு. ஒவ்வொரு கூறுக்கும் ஒரு குறியீடு. நடுவில் ஒரு பிரிப்புக் குறி போட்டுக் கோத்துவிடு. அவ்வளவுதான்.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. வீடியோ நூலகத்தின் அடுக்கு ஃபைலின் பெயரிலேயே இருக்க வேண்டும், ரங்கநாதன் காட்டிய மாதிரி கூறு கூறாக. அப்படிப் பெயர் வைத்துவிட்டால், தேடுவது, பிரிப்பது, சரிபார்ப்பது எல்லாவற்றையும் கட்டளை வரியில் இயங்கும் இலவசக் கருவிகள் பார்த்துக்கொள்ளும்.

வாத்தியார் தொகுப்புக்கு நாங்கள் வைத்த பெயர் இப்படி இருக்கும்: 2019-05-12_வந்தவாசி_கர்ண-மோட்சம்_03. முதலில் காலம், பிறகு இடம், பிறகு கூத்து, கடைசியில் பகுதி எண். கூறுக்கும் கூறுக்கும் நடுவே அடிக்கோடு. ஒரு கூறுக்குள்ளேயே இரண்டு சொல் வந்தால் சிறுகோடு. இந்த இரண்டையும் மாற்றிப் போடக் கூடாது. போட்டால் கருவிக்குக் கூறு எங்கே முடிகிறது என்று தெரியாது.

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்று எழுதுவது 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 தரம். அப்படி எழுதினால் அகர வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். நம் வழக்கப்படி 12-05-2019 என்று எழுதினால் எல்லா மாதத்துப் பன்னிரண்டாம் தேதியும் ஒன்றாக வந்து நிற்கும். பகுதி எண்ணை 3 என்று எழுதாமல் 03 என்று எழுதுவதற்கும் இதே காரணம். இல்லாவிட்டால் பத்தாம் பகுதி இரண்டாம் பகுதிக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். நேரத்தைப் பெயரில் போட்டால் முக்காற்புள்ளி வேண்டாம். விண்டோஸ் அதைப் பெயரில் ஏற்காது. கேள்விக்குறி, நட்சத்திரக் குறியும் அப்படியே.

இனி அந்தக் கட்டளை வரிக்கு வருவோம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. டெர்மினல் என்பார்கள். சினிமாவில் ஹேக்கர் தட்டுகிற திரை. அதைப் பார்த்தாலே கை பின்வாங்கும். ஆனால் அங்கே நடப்பது எளிய காரியம்தான்: ஒரு வரி எழுதுகிறோம், கணினி அதைச் செய்கிறது. ‘வந்தவாசி’ என்ற சொல்லுக்கு இருபக்கமும் நட்சத்திரக் குறி போட்டுப் பட்டியல் கேட்டால் ஊர்ப் பெரியவருக்கு வேண்டியது வந்துவிடும். ‘கர்ண-மோட்சம்’ என்று கேட்டால் ஆராய்ச்சி மாணவிக்கு வேண்டியது வந்துவிடும். ஒரே ஃபோல்டர், ஒரே பெயர், எத்தனை வாசல் வேண்டுமானாலும் திறக்கும்.

இதற்கு நல்ல செயலிகள் இருக்கின்றனவே, படம் காட்டி, ஆல்பம் பிரித்து அழகாகக் கொடுக்குமே என்று கேட்கலாம். இருக்கின்றன, பார்ப்பதற்கு நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அடுக்கை அவற்றின் வயிற்றுக்குள் வைத்தால், செயலி போகும்போது அடுக்கும் போய்விடும். கூகுளின் பிக்காசாவில் வருஷக்கணக்காக ஆல்பம் பிரித்தவர்கள் நிறையப் பேர். 2016இல் அது நிறுத்தப்பட்டது. ஆல்பங்கள் பிக்காசாவின் சொந்தக் கணக்கில் இருந்தன. ஃபைல்களோ பழைய பெயரிலேயே கிடந்தன. பெயரில் எழுதியது எந்தச் செயலி வந்தாலும் போனாலும் கூடவே வரும்.

கட்டளைக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு ஃபைலுக்கு எழுதிய வரி ஆயிரம் ஃபைலுக்கும் பொருந்தும். அந்த வரியை ஒரு சாதாரண எழுத்து ஃபைலில் சேமித்துத் தொகுப்போடு வைத்துவிட்டால், நாளைக்கு வருகிறவர் நாம் என்ன செய்தோம், எந்த வரிசையில் செய்தோம் என்று படித்துப் பார்க்கலாம். மவுஸால் இழுத்துப் போட்டதற்கு அப்படி எந்தச் சாட்சியும் கிடையாது.

கருவிகளைச் சொல்கிறேன். முதலில் எஃப்எஃப்எம்பெக். பிரான்ஸைச் சேர்ந்த ஃபப்ரிஸ் பெல்லார் 2000இல் தொடங்கியது. வீடியோவை வெட்ட, ஒட்ட, மாற்ற எல்லாவற்றுக்கும் அதுதான். அதனோடு வரும் எஃப்எஃப்ப்ரோப், ஃபைலுக்குள் என்ன இருக்கிறது, எத்தனை நிமிடம், என்ன அளவு என்று படித்துச் சொல்லும். அடுத்தது எக்ஸிஃப்டூல். ஃபில் ஹார்வி 2003இல் வெளியிட்டார். படத்துக்கும் வீடியோவுக்கும் உள்ளே பதிந்திருக்கும் தேதி, கேமரா போன்ற குறிப்புகளைப் படிக்கும், திருத்தும், அவற்றை வைத்துப் பெயரும் மாற்றும். எல்லாம் இலவசம், லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

தேதியில் ஒரு பெரிய கூத்து இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எம்பி4, எம்ஓவி ஃபைல்களுக்குள் படம் எடுத்த நேரம் பதிந்திருக்கும். 1904 ஜனவரி 1இலிருந்து எத்தனை விநாடி கடந்தது என்று ஓர் எண்ணாக எழுதியிருப்பார்கள். அந்த இடம் காலியாக இருந்தால் சில மென்பொருள்கள் உங்கள் வீடியோ 1904இல் எடுத்தது என்று சொல்லும், பயப்பட வேண்டாம். விதிப்படி அந்த நேரம் நம் நேரமாக இருக்காது, உலகப் பொது நேரமாக இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். செல்போன்கள் பெரும்பாலும் இந்த விதியை மதிக்கும். கேமராக்கள் பல மதிக்காது. உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதிவிடும். அதனால் ஒரே நிகழ்ச்சியைச் செல்போனிலும் கேமராவிலும் எடுத்தால் இரண்டுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம் வரும். எக்ஸிஃப்டூலிடம் ‘இது பொது நேரம், உள்ளூர் நேரமாக்கிச் சொல்’ என்று கேட்க ஒரு வழி இருக்கிறது. எந்த ஃபைல் எந்தக் கருவியில் எடுத்தது என்று பார்த்து, பிரித்துத்தான் கேட்க வேண்டும்.

இதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும்? நம் கல்யாணங்களில் நாலரை ஆறு முகூர்த்தம் சாதாரணம். அதிகாலை நாலரை மணி என்பது பொது நேரத்தில் முந்தின நாள் இரவு பதினொன்று. ஐந்தரைக்கு முன்னால் தாலி கட்டியிருந்தால், அந்த வீடியோ முந்தின நாள் ரிசப்ஷன் ஃபோல்டரில் போய் விழும். பத்திரிகையில் ஒரு தேதி, ஃபைலில் ஒரு தேதி.

கூத்தில் கதை தலைகீழ். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் கூத்துக்குப் பொது நேரம் மாலை நாலரை. விடிகாலை ஐந்து மணிக்குப் பொது நேரம் அன்றிரவு பதினொன்றரை. ஆக, பிசகான நேரத்தில் கூத்து ஏறக்குறைய முழுக்க ஒரே தேதியில் ஒழுங்காக இருக்கும். நாம் கெட்டிக்காரத்தனமாக உள்ளூர் நேரமாகத் திருத்தினால் நள்ளிரவில் தேதி மாறி, கர்ணன் ஒரு நாளில் போருக்குக் கிளம்பி மறுநாளில் மோட்சம் அடைவான். ஒரு கூத்து இரண்டாகப் பிளந்துவிடும்.

இரவுக் கூத்து எந்த நாளுக்குச் சொந்தம்? இதைக் கருவி முடிவு செய்யாது. வாத்தியாரைக் கேட்டோம். ‘காப்பு கட்டினதுலருந்து எத்தினியாவது ராத்திரின்னுதான் நாங்க கணக்கு வெப்போம்’ என்றார். ஆக, தொடங்கிய மாலையின் தேதிதான் கூத்தின் தேதி. அதன்படி எக்ஸிஃப்டூலுக்கு ஒரு வரி எழுதினோம்: உள்ளூர் நேரத்திலிருந்து பன்னிரண்டு மணியைக் கழி, வருகிற தேதியைப் பெயரின் முதலில் போடு. இரவு பத்து மணி காலை பத்தாகும், விடியல் ஆறு மணி அதே நாள் மாலை ஆறாகும். காலையில் நடக்கும் படுகளமும் பதினெட்டாம் போரோடு ஒட்டி நிற்கும். அது சரிதான், போரின் முடிவுதானே படுகளம். மாலைத் தீமிதி அடுத்த தேதிக்குப் போகும். கல்யாண ஃபோல்டருக்கு இந்த வரியைப் போடக் கூடாது. முகூர்த்தம் முந்தின நாளுக்குப் போய்விடும். விதியை மனிதர் சொல்ல வேண்டும். ஆயிரம் தடவை அலுக்காமல் அதைக் கடைப்பிடிப்பதுதான் கருவியின் வேலை.

வாட்ஸப்பில் வந்த வீடியோவில் இந்தக் குறிப்பெல்லாம் இருக்காது. அனுப்பும்போது அது வீடியோவைச் சுருக்கிப் புதிதாக எழுதிவிடும். பெயரில் இருக்கும் தேதி அனுப்பிப் பெற்ற தேதியே தவிர எடுத்த தேதி இல்லை. முடிந்தால் எடுத்தவரிடம் போய் மூல ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். மினி டிவி கேசட்டைக் கடையில் மாற்றக் கொடுப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். ஒரு மணி நேரக் கேசட்டை உள்ளது உள்ளபடி எடுத்தால் ஏறத்தாழ 13 ஜிபி வரும். கடைக்காரர் ஒரு ஜிபியில் கொடுத்தால் மிச்சம் எங்கே என்று கேளுங்கள்.

அடுத்த சிக்கல் தமிழுக்கே உரியது. பெயர்களைத் தமிழில் வைத்தோம். ‘கர்ண-மோட்சம்’ என்று தேடினால் சில ஃபைல்கள் வருகின்றன, சில வரவில்லை. திரையில் பார்த்தால் எல்லாம் ஒரே எழுத்து. காரணம் ‘மோ’. கணினி அதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். மகரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாக எழுதலாம். அல்லது இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியாகப் பிரித்து எழுதலாம். மேக் கணினிகளின் பழைய வட்டமைப்பு (ஃபைல் சிஸ்டம்) பிரித்தே எழுதும். விண்டோஸிலும் லினக்ஸிலும் தட்டெழுதுவது பெரும்பாலும் சேர்ந்தே வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வருகிற உயிர்மெய் இடமெல்லாம் இந்தத் தொல்லை உண்டு: கோயில், போர், திரௌபதி. நம் தொகுப்பிலும் இப்படிப்பட்ட சொற்கள் உண்டு.

இதற்கும் கருவி இருக்கிறது. கான்வ்எம்வி என்று பெயர். பிரித்து எழுதியதை எல்லாம் சேர்த்து எழுதும்படி ஒரே வரியில் மாற்றிவிடும். தமிழில் பெயர் வைப்பவர்கள் ஒரு கணக்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் பரவலாக உள்ள ஈஎக்ஸ்டி4 வட்டமைப்பில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. ‘கூ’ என்றால் எழுத்தும் குறியுமாக ஆறு பைட். ஆக 85 குறிக்கு மேல் இடமில்லை. நடிகர் பட்டியலைப் பெயரில் ஏற்ற முடியாது. அதை அதே பெயரில் ஓர் எழுத்து ஃபைலாகப் பக்கத்தில் வையுங்கள். யார் வேஷம் கட்டினார், யார் மத்தளம், யார் எடுத்தது, வெளியே காட்ட அனுமதி உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வீடியோவின் பெயரை மாற்றினால் அதன் பெயரும் கூடவே மாற வேண்டும். அந்த இணையைக் காப்பதும் ஒரு வரிதான்.

சில ஆக்‌ஷன் கேமராக்கள் நீண்ட பதிவைத் துண்டு போட்டு எழுதும். கோப்ரோவில் துண்டு எண் முதலிலும் பதிவு எண் பிறகும் வரும். அதனால் பெயர்வரிசையில் பார்த்தால் எல்லாப் பதிவின் முதல் துண்டும் சேர்ந்து நிற்கும், பிறகு எல்லாவற்றின் இரண்டாம் துண்டும் வரும். எஃப்எஃப்எம்பெக்கிடம் துண்டுகளின் பட்டியலைச் சரியான வரிசையில் கொடுத்து, ‘மாற்றாமல் அப்படியே நகலெடுத்து ஒட்டு’ என்றால் ஒட்டித் தரும். மாற்றாமல் என்பது முக்கியம். கன்வெர்ட் செய்தால் தரம் குறையும், நேரமும் நாள்கணக்கில் ஆகும். ஒட்டுவதற்கு ஹார்ட் டிஸ்க் நகலெடுக்கிற நேரம் போதும்.

இதெல்லாம் முடிந்தாலும் எந்த ஃபைல் எந்தக் கூத்து என்று கருவிக்குத் தெரியாது. தெரிந்தவர் வாத்தியார். அவரை உட்காரவைத்து எட்டு எட்டு மணி நேரமாக ஓட்டிக் காட்ட முடியுமா? எஃப்எஃப்எம்பெக் இங்கே செய்த உதவி பெரிது. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடு, ஆறுக்கு எட்டு என்று கட்டம் போட்டு ஒரே படமாக்கு என்று ஒரு வரி. எட்டு மணி நேரக் கூத்து 48 சின்னப் படங்களாக ஒரே தாளில் வந்துவிடும். எல்லா ஃபைலுக்கும் அந்த வரியை இரவில் ஓடவிட்டு, காலையில் அச்செடுத்து வாத்தியார் முன்னால் வைத்தோம்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். திரை பிடித்து வேஷம் நுழைகிற படத்தில் விரலை வைத்து, ‘இத கர்ண மோட்சம்னா எழுதியிருக்கீங்க? பதினெட்டாம் போருங்க. கிரீடத்தப் பாருங்க’ என்றார். இன்னொரு தாளில் பின்னால் தெரிந்த பந்தக்காலையும் சீரியல் லைட்டையும் பார்த்தே ஊரைச் சொன்னார். தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே போனோம். பிறகு அந்தப் பெயர்களை ஏற்ற விஐடிர் என்ற கருவி. ஃபோல்டரில் உள்ள பெயர்களை எல்லாம் ஒரு பட்டியலாகத் திறந்து காட்டும். கடிதம் திருத்துகிற மாதிரி பெயர்களைத் திருத்திச் சேமித்தால் ஃபைல்களின் பெயரெல்லாம் மாறிவிடும்.

இரட்டிப்பு ஃபைல்களை எஃப்டூப்ஸ் கண்டுபிடிக்கும். முதலில் அளவு ஒத்தவற்றைப் பிரிக்கும். பிறகு ஒவ்வொன்றுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஒரு கணக்கு விரல்ரேகை எடுத்து ஒப்பிடும். கடைசியில் பைட்டுக்குப் பைட் பார்க்கும். பெயர் வேறாக இருந்தாலும் தப்பாது. வாட்ஸப்பில் போய் வந்த நகலை மட்டும் அது இனம் காணாது. சுருக்கி எழுதியதால் உள்ளடக்கம் மாறிவிட்டது. அதற்கு எஃப்எஃப்ப்ரோப்பின் நேரக் கணக்கை எடுத்து வரிசைப்படுத்துங்கள். ஒரே நீளமுள்ளவை பக்கத்தில் பக்கத்தில் வரும். கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம். ஒரு கருவியின் விடையை அடுத்த கருவிக்குக் குழாய் வழியாகக் கொடுப்பது இப்படித்தான். பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் வற்புறுத்தி, கென் தாம்சன் 1973இல் யுனிக்ஸில் சேர்த்த வசதி இன்னும் அப்படியே உழைக்கிறது.

பயப்பட வேண்டிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டளை வரியில் குப்பைத் தொட்டி கிடையாது. அழித்தால் அழித்ததுதான். பெயர் மாற்றும் எம்வி கட்டளை, அதே பெயரில் வேறு ஃபைல் இருந்தால் கேட்காமலே அதன்மேல் எழுதிவிடும். ‘மேலெழுதாதே’ என்ற குறிப்பைச் சேர்த்தால்தான் நிற்கும். அதனால் எந்த வரியையும் வெள்ளோட்டம் விடாமல் ஓட்டாதீர்கள். நல்ல கருவிகள் பலவற்றில் அந்த வழி இருக்கிறது. எக்ஸிஃப்டூலில் பெயர் மாற்றச் சொல்லும் இடத்தில் ‘சோதனைப் பெயர்’ என்று கேட்டால், எது எதுவாக மாறும் என்று பட்டியல் மட்டும் காட்டும். கான்வ்எம்வி இன்னும் மரியாதை. நீங்கள் வெளிப்படையாகச் சொல்லாதவரை வெள்ளோட்டம் மட்டும்தான் விடும். பட்டியலைப் படியுங்கள், வாத்தியாருக்கும் காட்டுங்கள். பிறகு ஓட்டுங்கள்.

அடுக்கியாயிற்று. காப்பது எப்படி? மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு ஊரில். இது பொது விதி. நகலெடுக்க ஆர்சிங்க். ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கெராஸும் 1996இல் வெளியிட்டது. மாறியதை மட்டும் நகலெடுக்கும். நடுவில் மின்சாரம் போனால் மறுபடி ஓட்டினால் விட்ட ஃபைலிலிருந்து தொடரும். மூலத்தில் இல்லாததை நகலிலும் அழிக்கும் விருப்பம் ஒன்று அதில் உண்டு. மூலமும் நகலும் இடம் மாறிப்போன ஒரு வரி, தொகுப்பையே துடைத்துவிடும். இங்கேயும் வெள்ளோட்டம்தான் காப்பு.

நகல் நல்லபடியாக இருக்கிறதா என்று தெரிய, ஒவ்வொரு ஃபைலுக்கும் ஷா-256 என்ற முறையில் 64 இலக்க விரல்ரேகை எடுத்து ஒரு பட்டியலாக வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, திருவிழாவுக்குக் காப்பு கட்டுகிற வாரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்களேன், அந்தப் பட்டியலை வைத்துச் சரிபார்க்கச் சொல்லி ஒரு வரி. ஒரு பைட் கெட்டிருந்தாலும் எந்த ஃபைல் என்று பெயரைச் சொல்லிவிடும். நல்ல நகலிலிருந்து எடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க் கெடும்போது தண்டோரா போடுவதில்லை.

ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது ஐந்தாவது. வந்தவாசிப் பெரியவரும் ஆராய்ச்சி மாணவியும் ஒரு வரியில் வேண்டியதைப் பெற்றால் நான்காம் விதி நிறைவேறியது. அடுத்த திருவிழாவின் ஃபைல்கள் வந்தால் அதே வரிகளை மறுபடி ஓட்டினால் போதும் என்றால் ஐந்தாம் விதியும் நிறைவேறியது. அடுக்கு புரிவதற்கு அடுக்கியவர் உயிரோடு பக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் அது நூலகம் இல்லை.

நூலகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நூலகத்தில் கணினி இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர்க்காரர்கள் ஹார்ட் டிஸ்க்கோடு வரட்டும். கூறு பிரித்துப் பெயர் வைக்கக் கற்றுக்கொடுங்கள். உங்களைவிட நன்றாக அந்த வேலை தெரிந்தவர்கள் இந்த ஊரில் இல்லை. கட்டளை வரியை அறிந்த கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

மற்றவர்களுக்கு: இந்த வாரம் ஒரே ஒரு ஃபோல்டரை எடுங்கள். முதலில் அதை நகலெடுத்து வையுங்கள். பிறகு 48 படத் தாளை அச்செடுத்து, அதில் இருப்பவர்களை அடையாளம் காட்டத் தெரிந்த பெரியவரிடம் கொண்டுபோங்கள். மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அந்தப் பெரியவரிடம் மட்டும் இப்போதே கேட்டாக வேண்டும்.